ஐஏடி சென்சார் சொல்வது எதன் சூட்டை?

வாசகர் கேள்வி, 2023 ஏப்ரல் 14

என்னுடையது பிஎஸ்6 ஒற்றைச் சிலிண்டர் பைக். வெயிலில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் முதல் இரண்டு கிலோமீட்டர் வெட்டி வெட்டி ஓடும். ஐஏடி (உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை) சென்சாருக்குப் போகும் ஒயரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக இணைத்தேன். காற்று குளிர்ந்திருப்பதாக இசியு (இன்ஜினை இயக்கும் கணினி) நம்பிக்கொண்டு பெட்ரோலைக் கூட்டுகிறது. வெட்டல் நின்றுவிட்டது, பிக்கப்பும் கூடியிருக்கிறது. ஒரு ரூபாய்ச் சாமானில் முடிகிற வேலைக்கு ரீமேப் (இசியு அட்டவணைகளை மாற்றுவது) என்று ஆயிரக்கணக்கில் ஏன் செலவழிக்க வேண்டும்?

2023 ஏப்ரல் 14, இரவு

"செய்யாதீர்கள்" என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம். ஆனால் அப்படி எழுதினால் நீங்கள் கண்ட மாற்றம் பொய் என்று ஆகிவிடும். அது பொய்யில்லை. எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மேப் (மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும்) சென்சாரை நம்பி ஓடும் இன்ஜின், உள்ளே போகும் காற்றின் எடையை நேரடியாக அளப்பதில்லை, கணக்கிட்டுத்தான் அறிகிறது. மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டருக்குக் காற்று போகும் குழாயில், உள்ள அழுத்தம், சிலிண்டரின் கொள்ளளவு, சிலிண்டர் எந்த அளவுக்கு நிரம்புகிறது என்று சொல்லும் விஈ அட்டவணை, காற்றின் வெப்பநிலை ஆகிய நான்கையும் வைத்து எடையைக் கண்டுபிடித்து, அந்த எடைக்கு ஏற்ற நேரம் இன்ஜெக்டரைத் திறந்து வைக்கிறது. வெப்பநிலை இங்கே கெல்வினில் வகுத்தியாக நிற்கிறது. என் மாருதி எஸ்டீம் காரை எடுத்துக்கொண்டால், 1298 சிசியை நான்காகப் பிரிக்க ஒரு சிலிண்டருக்கு 324.5 சிசி வருகிறது. 100 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் முழுமையாக நிரம்பினால் 20 டிகிரியில் 0.386 கிராம் காற்றும், 60 டிகிரியில் 0.339 கிராம் காற்றும் அதற்குள் இருக்கும். பன்னிரண்டு சதவீதம் குறைவு, பெட்ரோலையும் அதே அளவு குறைக்க வேண்டும். ஐஏடி சென்சார் இருப்பது இதற்காகத்தான். 1967இல் வந்த பாஷ் டி-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் இன்ஜெக்ஷன் அமைப்பிலேயே இந்தச் சென்சார் உண்டு. அன்று அனலாக் மின்சுற்று செய்த வேலையை இன்று மென்பொருள் செய்கிறது.

இப்போது உங்கள் ரெசிஸ்டர். ஐஏடி சென்சார் என்பது சூடு ஏறினால் மின்தடை குறையும் ஒரு தெர்மிஸ்டர். உங்கள் பைக்கில் இருப்பது எது என்று நீங்கள் எழுதவில்லை என்பதால், பரவலாகப் புழங்கும் பாஷ் வகையை வைத்துச் சொல்கிறேன். அது 20 டிகிரியில் 2500 ஓமும், 60 டிகிரியில் 596 ஓமும் காட்டும். இவற்றோடு 1000 ஓமைச் சேர்த்தால் 3500, 1596 என்று ஆகின்றன. முதலாவதை இசியு சுமார் 12 டிகிரி என்றும், இரண்டாவதைச் சுமார் 32 டிகிரி என்றும் படிக்கும். அதாவது குளிர்ந்த காலையில் எட்டு டிகிரி பொய், கொதிக்கும் மதியத்தில் இருபத்தெட்டு டிகிரி பொய். அந்த இருபத்தெட்டு டிகிரிக்கு ஏறத்தாழ ஒன்பது சதவீதம் கூடுதல் பெட்ரோல் ஊற்றப்படும். பொய்யின் அளவு நிலையானதாக இருந்திருந்தால்கூட ஒரு கணக்கில் வைத்துக்கொள்ளலாம். இது வெயிலுக்கு வெயில் மாறுகிறது.

2023 ஏப்ரல் 15

நேற்று விட்டுப்போனது. உங்கள் பைக்கில் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6 விதியில் விற்கப்பட்ட பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டி என்றால் இருந்தே ஆக வேண்டும். சீராக ஓடும்போது புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்த்து, கூடிய பெட்ரோலை இசியு மெல்ல மெல்லக் குறைத்துவிடும். குறைத்ததை நினைவிலும் வைத்துக்கொள்ளும். ஆகவே ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்க்காமல் ஓடும் வேளைகளில்தான், அதாவது சூடேறும் வரையிலும், திராட்டிலை முழுதாகத் திருகும்போதும்தான் ரெசிஸ்டரின் பலன் தெரியும். நினைவில் பதிந்த திருத்தம் முழுத் திராட்டிலிலும் சேர்க்கப்படும் இசியுவாக இருந்தால் அந்தப் பலனும் சில நாட்களில் கரைந்துவிடும். இரண்டு வாரம் கழித்தும் பிக்கப் அப்படியே இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

2023 ஏப்ரல் 17

"வெயிலில் நிறுத்தி எடுத்தால் வெட்டுகிறது" என்ற வரி இரண்டு நாளாக மனதை விட்டு அகலவில்லை, ஏனென்றால் என் வண்டியிலும் அதே நோய் இருக்கிறது.

2004ஆம் ஆண்டு எஸ்டீம். கம்பெனி இசியுவை எடுத்துவிட்டுத் தனி இசியு பொருத்தி, கோயம்புத்தூரில் நானே ட்யூன் செய்து ஓட்டுகிறேன். ஆக்ஸிஜன் சென்சார் திருத்தத்தை வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கிறேன். அப்போதுதான் அட்டவணையில் உள்ள பிழை வைட்பேண்டில் (புகையிலிருந்து கலவையை அளக்கும் சென்சாரில்) ஒளிவுமறைவின்றித் தெரியும். இந்த இழையில் கலவையை லாம்டாவில் மட்டுமே எழுதுவேன். எத்தனால் கலந்த பெட்ரோலில் காற்று 14.7க்குப் பெட்ரோல் 1 என்ற பழைய எண் பொருந்தாது, பத்து சதவீத எத்தனாலுக்கே அது 14.1 அளவுக்கு இறங்கிவிடுகிறது. லாம்டா 1 என்றால் சரியான கலவை, மேலே போனால் பெட்ரோல் குறைவு, கீழே வந்தால் அதிகம்.

நேற்று மதியம் வெளியே 36 டிகிரி. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஒரு டீக்கடை முன் வண்டியை அணைத்தேன். ஓடும்போது ஐஏடி 47. பன்னிரண்டு நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பியபோது 71. கிளப்பிய உடனே லாம்டா 1.08, ஐடிலில் நடுக்கம், கிளட்சை விட்டால் ஒரு திணறல். ஐஏடி 71இலிருந்து 50க்கு இறங்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது. அது இறங்க இறங்க லாம்டாவும் 1ஐ நோக்கி வந்தது.

இந்த நான்கு நிமிடம்தான் இங்கே கவனிக்க வேண்டியது. இன்ஜின் ஓடத் தொடங்கிய ஒரு சில நொடிகளிலேயே மேனிஃபோல்டில் தேங்கிக் கிடந்த சூடான காற்று முழுவதும் உறிஞ்சப்பட்டு வெளியிலிருந்து புதுக்காற்று வந்துவிடுகிறது. ஆனாலும் சென்சார் 71 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அது சொன்னது காற்றின் சூட்டை அல்ல, தன் உடம்பின் சூட்டை. என் வண்டியில் அது அலுமினிய மேனிஃபோல்டில் திருகப்பட்டிருப்பதால் மேனிஃபோல்டின் சூட்டை. 45 டிகிரி காற்றை 71 என்று நம்பினால் 318க்கு 344 என்ற விகிதத்தில் எட்டு சதவீதப் பெட்ரோல் குறையும். வைட்பேண்ட் காட்டிய 1.08 அதுவேதான்.

இன்று மாலை ஐஏடி திருத்த அட்டவணையைத் திறந்து 50 டிகிரிக்கு மேல் உள்ள எல்லாக் கட்டங்களையும் ஒரே மட்டமாக்கிவிட்டேன். சூட்டில் கிளப்பினால் லாம்டா 1.01. பிரச்சினை தீர்ந்தது.

2023 ஏப்ரல் 23

தீரவில்லை. மேலே உள்ள கடைசி வரியைப் படித்து யாராவது தங்கள் அட்டவணையைத் திருத்தியிருந்தால் பழையபடி மாற்றிவிடுங்கள்.

நேற்று மாலை அவினாசி சாலையில் மேம்பாலப் பணி நடந்துகொண்டிருந்த இடத்தில், ஹோப் காலேஜ் சிக்னலுக்கு முன்னால் நாற்பது நிமிடம் ஊர்ந்தேன். ரேடியேட்டர் ஃபேன் விடாமல் சுழன்று, இன்ஜின் அறைக்குள் கொதிக்கும் காற்றையே மறுபடி மறுபடி தள்ளிக்கொண்டிருந்தது. ஐஏடி 66. இந்தத் தடவை அது பொய்யில்லை, உள்ளே போன காற்றே ஏறத்தாழ அந்தச் சூட்டில்தான் இருந்தது. நான் 50க்கு மேல் திருத்தத்தை மட்டமாக்கியிருந்ததால் இசியு பெட்ரோலைக் குறைக்கவில்லை. லாம்டா 0.95க்கு இறங்கி, பெட்ரோல் வாடை உள்ளே அடித்தது.

ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள் இருக்கிறது. நிறுத்தி எடுத்த வண்டியில் 66 என்றால் உலோகத்தின் சூடு. நெரிசலில் ஊரும் வண்டியில் 66 என்றால் காற்றின் சூடு. அட்டவணைக்கு இந்த வேறுபாடு தெரியாது. எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்கிற எந்த அட்டவணையாலும் இதைத் தீர்க்க முடியாது. தவறு சென்சார் இருக்கும் இடத்தில் இருக்கும்போது நான் அட்டவணையை வளைத்திருக்கிறேன். கேள்வி கேட்ட நண்பர் ரெசிஸ்டரால் செய்ததும் இதையேதான். அவருக்கு அது கூடாது என்று விரிவாக எழுதிவிட்டு மூன்றே நாளில் நானும் அதைச் செய்திருக்கிறேன் என்பதைப் பதிவு செய்து வைக்கிறேன்.

2023 மே 2

சென்சாரை இடம் மாற்றுவதற்கு முன், அது சொல்லும் எண் சரியா என்று சோதித்துவிடலாம் என்று கழற்றினேன். சோதனைக்கு வேண்டியவை ஒரு தம்ளர் ஐஸ் தண்ணீர், ஒரு கெட்டில் வெந்நீர், சமையலறைத் தெர்மாமீட்டர், மல்டிமீட்டர் ஆகியவை மட்டுமே. கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 98.6 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இருபது டிகிரித் தண்ணீரில் சென்சார் 2480 ஓம் காட்டியது. மடிக்கணினித் திரையில் இசியு 28 டிகிரி என்றது. தெர்மாமீட்டரைச் சந்தேகித்து இன்னொன்றைக் கொண்டுவந்தேன், அதுவும் இருபது என்றது.

காரணம் பத்து நிமிடத்தில் பிடிபட்டது. இசியுவில் மின்தடையை வெப்பநிலையாக மாற்றும் வளைவு ஜிஎம் வகைச் சென்சாருக்கானதாக ஏற்றப்பட்டிருக்கிறது, வண்டியில் இருப்பது பாஷ் வகை. ஜிஎம் சென்சார் 20 டிகிரியில் 3520 ஓம், 40 டிகிரியில் 1459, 60 டிகிரியில் 667 காட்டும். பாஷ் அதே இடங்களில் 2500, 1175, 596. இதனால் என் இசியு 20ஐ 28 என்றும், 40ஐ 45 என்றும், 60ஐ 63 என்றும் இரண்டு வருடமாகப் படித்து வந்திருக்கிறது. கவனியுங்கள், சூடு ஏற ஏறப் பிழை குறைகிறது. நான் ட்யூன் செய்ததெல்லாம் நண்பகல் வெயிலில். அங்கே பிழை சிறிது என்பதால் எதுவும் உறுத்தவில்லை. காலையில் இரண்டு, இரண்டரை சதவீதம் லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடுவதை இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று தள்ளிவிட்டிருக்கிறேன்.

வளைவை மாற்றிவிட்டேன். இதன்படி ஏப்ரல் 17இல் எழுதிய 47, 71 ஆகிய எண்களிலிருந்து முறையே நான்கு, இரண்டு டிகிரி குறைத்துப் படிக்கவும். லாம்டா எண்கள் வைட்பேண்டிலிருந்து வந்தவை என்பதால் அவை அப்படியே நிற்கும்.

2023 மே 6

கனெக்டரையும் பாருங்கள். திருப்பூரிலிருந்து ஒருவர் வெயில் ஏறினால் மட்டும் தன் வண்டி ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) ஓடுவதாக எழுதியிருந்தார். சென்சாரைக் கழற்றி அளந்தால் சரியாக இருக்கிறதாம். மாட்டிய நிலையில், கனெக்டருக்குப் பின்னால் ஒயரில் ஊசி குத்தி அளக்கச் சொன்னேன். பச்சை பூத்த ஒரு கனெக்டர் பின்னில் 300 ஓம் உட்கார்ந்திருந்தது. 20 டிகிரியில் 2500 ஓமோடு 300 சேர்ந்தால் மூன்று டிகிரிதான் தவறும், யாருக்கும் தெரியாது. 60 டிகிரியில் 596ஓடு 300 சேர்ந்தால் இசியு 48 என்று படிக்கும். நான்கு சதவீதம் ரிச். அந்தத் துருவும் ரெசிஸ்டர்தான், காசு கொடுக்காமல் வந்த ரெசிஸ்டர்.

ஒயர் முழுதாக அறுந்தால் நிலைமை இதைவிட எளிது. தடை எல்லையற்றதாகி மின்னழுத்தம் மேலே போய்விடும், இசியு பி0113 என்ற பிழைக் குறியீட்டைப் போட்டுவிட்டுத் தனக்குள் வைத்திருக்கும் ஒரு மாற்று எண்ணை எடுத்துக்கொள்ளும். ஷார்ட் ஆனால் பி0112. இரண்டுக்கும் எச்சரிக்கை விளக்கு எரியும். பாதி கெட்ட கனெக்டருக்குத்தான் விளக்கும் எரியாது, குறியீடும் வராது.

2023 மே 20

சென்சார் இடம் மாறியது. மேனிஃபோல்டிலிருந்து எடுத்து, திராட்டில் பாடிக்கு முன்னால், ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து வரும் ரப்பர்க் குழாயில் வைத்தேன். உலோகத்தை நேராகத் தொடக்கூடாது என்பதற்காகக் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் நைலான் கட்டையிலிருந்து ஒரு புஷ் கடையச் சொன்னேன். உட்புற மரையைச் சென்சாரை வைத்தே பார்த்துப் பார்த்து வெட்டினார் லேத்காரர். கடைசிச் சுற்றில் கையால் திருகி, "இதுக்கு மேல இறுக்கினா நைலான் விட்டுரும்" என்று சொல்லிக் கொடுத்தார். பழைய மூடிய தலைச் சென்சாருக்குப் பதில், தெர்மிஸ்டர் மணி காற்றில் நேரடியாகத் தெரியும் திறந்த தலை வகையை வாங்கினேன். மணியைச் சுற்றிப் பித்தளை இல்லாததால் அது காற்றோடு உடனுக்குடன் மாறுகிறது.

அதே டீக்கடை, அதே பன்னிரண்டு நிமிடம், வெளியே 35 டிகிரி. சாவியைத் திருப்பியபோது 52. கிளப்பிய இருபது நொடியில் 43. லாம்டா 1.03.

ஏப்ரலில் வளைத்த அட்டவணையை நிமிர்த்திவிட்டேன்.

டர்போ வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைப் பார்த்து அப்படியே செய்துவிட வேண்டாம். 35 டிகிரிக் காற்றை 1.7 மடங்கு அழுத்தினால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசரிலிருந்து அது 107 டிகிரியில் வெளியே வரும். பிறகு இன்டர்கூலர் அதை இறக்கும். சென்சார் இன்டர்கூலருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். ஃபில்டர் அருகே வைத்தால் இசியு 35 என்றே நம்பிக்கொண்டு பெட்ரோலையும் தவறாகப் போடும், இக்னிஷனையும் பின்வாங்காது. பெட்ரோல் கூடினால் வாடையோடு போகும். இக்னிஷன் முன்னால் நின்றால் கலவை தானாக வெடிக்கும் நாக் அடித்துப் பிஸ்டனே போய்விடும்.

2023 ஜூன் 11

அந்த 1.03இல் மிச்சமிருக்கும் மூன்று சதவீதம் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். காற்றிலேயே தேடிக்கொண்டிருந்ததால் எனக்கு அது தோன்றவில்லை, பெட்ரோலும் சூடாகிறது. அணைத்த வண்டியில் ஃபியூயல் ரெயிலும் இன்ஜெக்டர்களும் மேனிஃபோல்டின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம் விரியும். முப்பது டிகிரி ஏறினால் அடர்த்தி மூன்று சதவீதம் குறையும், ஒரே திறப்பு நேரத்தில் வெளியே போகும் எடை அதன் வர்க்கமூலப்படி ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் குறையும். அதே முப்பது டிகிரியில் இன்ஜெக்டரின் செம்புச் சுருளின் மின்தடை பன்னிரண்டு சதவீதம் கூடுவதால் அது திறக்கவும் சற்றுத் தாமதமாகும், ஐடிலில் அந்தத் தாமதம் தெரியும். இரண்டும் ஒரு நிமிடம் ஓடினால், டேங்கிலிருந்து புதுப் பெட்ரோல் வந்ததும் போய்விடுகின்றன. கிளப்பிய பிறகு அறுபது நொடிக்கு மூன்று சதவீதம் தேயும் ஒரு கூடுதலை, கூலண்ட் 80க்கு மேல் இருந்தால் மட்டும் என்று நிபந்தனை போட்டுச் சேர்த்தேன். சூட்டில் கிளப்பினால் இப்போது 1.00.

அப்படியானால் ஏப்ரல் 17இல் நான் கண்ட 1.08 முழுவதும் சென்சாரின் குற்றம் என்று எழுதியது சரியில்லை. சூடான பெட்ரோலின் பங்கும் அதில் இருந்திருக்கிறது. கணக்கும் அளவும் அவ்வளவு அழகாகப் பொருந்தியதைப் பார்த்தவுடன் தேடுவதை நிறுத்திவிட்டேன். காற்று 45 டிகிரி என்று நான் வைத்துக்கொண்டதே ஊகம்தான்; உண்மையில் அது மேனிஃபோல்டைக் கடக்கும்போது இன்னும் சூடாகியிருக்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 19

ஈரப்பதத்தை ஐஏடி கவனிக்குமா என்று கேட்ட சென்னை வாசகருக்குச் சுருக்கமாக. ஈரப்பதத்தை ஐஏடி சென்சாரால் அறிய முடியாது. 35 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் இருந்தால் காற்றழுத்தத்தில் 3.9 கிலோபாஸ்கல் நீராவியுடையது. மேப் சென்சார் அதையும் காற்று என்றே எண்ணும், ஆகவே ஏறத்தாழ நான்கு சதவீதம் ரிச்சாக ஓடும். ஆக்ஸிஜன் சென்சார் திருத்தம் இயங்கும் வண்டியில் இது தானே சரியாகிவிடும். கடற்கரையோரம் ட்யூன் செய்த வண்டியைக் கோடையில் உள்நாட்டுக்கு ஓட்டிவந்து முழுத் திராட்டில் கொடுப்பவர்கள் அந்த நான்கு சதவீதம் காணாமல் போய் லீனாகும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

2023 டிசம்பர் 27

ஊட்டி போய் வந்தேன். இந்த இழைக்காகவே போனேன் என்று வீட்டில் சொல்லவில்லை.

மேட்டுப்பாளையத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். கல்லாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் ஐஏடி ஒவ்வொரு வளைவுக்கும் இறங்குவது தெரிந்தது. குன்னூரில் 15, ஊட்டி ஏரியைச் சுற்றிச் செல்லும் சாலையில் காலை ஏழு மணிக்கு 11. புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. கூலண்ட் 85. முழுத் திராட்டிலில் மேப் 76 கிலோபாஸ்கல், 2240 மீட்டர் உயரத்துக்கு அது எதிர்பார்த்ததுதான். சீரான வேகத்தில் லாம்டா 0.94.

ஆறு சதவீதம் ரிச். மலை ஏறினால் காற்று மெலிவதால் ரிச்சாகிறது என்று கார்புரேட்டர் காலத்து ஞாபகத்தில் முதலில் நினைத்தேன். ஆனால் மேப் சென்சார் அளப்பது முழு அழுத்தத்தை, ஆகவே உயரம் அந்தக் கணக்குக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. அதோடு, வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்தால் புகை எளிதாக வெளியேறும், சிலிண்டரில் பழைய புகை குறைவாகத் தங்கும், அதே மேப் எண்ணுக்குப் புதுக்காற்று சற்றுக் கூடுதலாகவே நுழையும். ஆகவே உயரத்தின் விளைவு லீன் பக்கம்தான் இழுக்க வேண்டும். அப்படியும் ரிச்சாக இருக்கிறது என்றால் குற்றம் குளிரின் பக்கம்தான். பதினொரு மணிக்குக் கீழே இறங்கியபோது ஐஏடி 33, லாம்டா 0.98.

சென்சார் இப்போது பொய் சொல்லவில்லை. வளைவு சரி, இடம் சரி, கனெக்டர் சரி. குழாயில் போன காற்று உண்மையிலேயே 11 டிகிரிதான். ஆனால் அந்தக் காற்று அதற்குப் பிறகு 85 டிகிரிக் கூலண்ட் ஓடும் மேனிஃபோல்டையும், சூடான போர்ட்டையும், வால்வின் முதுகையும் தொட்டுக்கொண்டுதான் சிலிண்டருக்குள் போகிறது. வாசலில் 11 ஆக நுழைந்தது உள்ளே போகும்போது 11 ஆக இல்லை.

2024 ஜனவரி 7

உயரத்தையும் குளிரையும் பிரித்துப் பார்க்க, ஊரிலேயே காலை ஆறு மணிக்கு அதே அட்டவணையோடு எல் அண்ட் டி பைபாஸில் ஓட்டினேன். ஐஏடி 20, லாம்டா 0.95. உயரத்துக்கு இதில் பங்கில்லை என்பது உறுதியாகிவிட்டது.

இதற்குத் தீர்வு பெரும்பாலான தனி இசியுக்களில் ஏற்கெனவே இருக்கிறது. சார்ஜ் வெப்பநிலை (சிலிண்டருக்குள் உண்மையில் போகும் காற்றின் சூடு) என்று ஒன்றை இசியு தானே ஊகித்துக்கொள்கிறது. ஐஏடிக்கும் கூலண்ட் வெப்பநிலைக்கும் இடையே எந்தப் புள்ளியில் உண்மை இருக்கிறது என்பதை, காற்று ஓடும் அளவை வைத்து ஓர் அட்டவணையிலிருந்து எடுக்கிறது. ஐடிலில் காற்று மெதுவாகப் போகிறது, உலோகத்தோடு அதிக நேரம் உறவாடுகிறது, ஆகவே கூலண்ட் பக்கம் சாயும். முழுத் திராட்டிலில் பாய்ந்து போய்விடுவதால் ஐஏடி பக்கம் சாயும். அந்த அட்டவணை என் இசியுவில் முதல் நாளிலிருந்தே பூஜ்யமாக இருந்தது. பூஜ்யம் என்றால் சென்சார் சொன்னதை எழுத்துக்கு எழுத்து நம்பு என்று பொருள்; ஒன்று என்றால் கூலண்டை நம்பு.

சீரான வேகத்துக்கு 0.45 என்று வைத்துப் பாருங்கள். நான் ட்யூன் செய்த மதியங்களில் ஐஏடி 50, கூலண்ட் 85; சார்ஜ் 66 டிகிரி. ஊட்டியில் ஐஏடி 11. சார்ஜ் 44 டிகிரி. கெல்வினில் விகிதம் எடுத்தால் ஊட்டிக்குத் தேவைப்பட்டது 6.8 சதவீதம் கூடுதல் பெட்ரோல். என் பழைய அமைப்பு ஊற்றியது 13.7 சதவீதம். இடைவெளி ஆறரை சதவீதம், லாம்டா 0.94. ஊர்க்காலை 20 டிகிரிக்கும் இதே கணக்கைப் போட்டால் 0.95 வருகிறது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் இதற்குச் சாட்சி உண்டு. டைனோவில் எடுத்த குதிரைத்திறனை வெவ்வேறு வெயிலுக்குச் சமன்படுத்தும் எஸ்ஏஇ ஜே1349 சூத்திரத்தில் வெப்பநிலை நேர் விகிதமாக வருவதில்லை, வர்க்கமூலமாக வருகிறது. 50க்கும் 11க்கும் அந்த வர்க்கமூலத்தைப் போட்டால் 6.6 சதவீதம். அந்தச் சூத்திரம் முழுத் திராட்டிலுக்கானது, நான் அளந்தது சீரான ஓட்டத்தை, ஆகவே 6.6ம் 6.8ம் அருகருகே வந்ததைப் பெரிதாகக் கொண்டாட மாட்டேன். ஜூன் 11இல் எழுதியதை மறந்துவிடவில்லை. ஆனால் திசை ஒன்றே: வெளிக்காற்றின் சூடு மாறும் அளவுக்குச் சிலிண்டருக்குள் போகும் காற்றின் சூடு மாறுவதில்லை.

இப்போதைக்கு என் வண்டியில் ஐடிலுக்கு 0.65, சீரான வேகத்துக்கு 0.45, முழுத் திராட்டிலுக்கு 0.2. இவை என் மேனிஃபோல்டுக்கான எண்கள். பிளாஸ்டிக் மேனிஃபோல்டு உள்ளவர்களுக்கு இதைவிடக் குறைவாக வர வேண்டும்.

2024 ஜனவரி 8

அவசரமாக ஒன்று. இந்த எண்களைப் போட்டவுடன் வண்டி எல்லா இடத்திலும் லீனாகிவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஆகத்தான் செய்யும், நான் சொல்லியிருக்க வேண்டும். ஊகிக்கும் வெப்பநிலை 50லிருந்து 66க்கு ஏறினால் கணக்கிடும் காற்று ஐந்து சதவீதம் குறையும். பழைய விஈ அட்டவணை பழைய ஊகத்தின் மீது கட்டியது. முதலில் சார்ஜ் அட்டவணை, பிறகு விஈ முழுவதும் மறுபடி. என் வண்டிக்கு மூன்று ஞாயிறாவது பிடிக்கும். குறுக்கு வழியாக முழு விஈயையும் ஒரே எண்ணால் பெருக்காதீர்கள்; ஐடிலில் ஏறும் அளவும் முழுத் திராட்டிலில் ஏறும் அளவும் வேறு வேறு.

2024 பிப்ரவரி 4

முதல் கேள்வி கேட்டவர் பத்து மாதம் கழித்து எழுதியிருக்கிறார். பிக்கப் இரண்டாவது வாரமே பழைய நிலைக்கு வந்துவிட்டதாம். ரெசிஸ்டரைக் கழற்றியதும் வெட்டல் திரும்பியது. அதனால் மறுபடி மாட்டிக்கொண்டு, மனசாட்சி உறுத்த எழுதாமல் இருந்துவிட்டார். போன வாரம் இன்ஜினை ஐடிலில் விட்டு, திராட்டில் பாடிக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் இணைப்பின் மேல் கார்ப் கிளீனரைச் சிறிது அடித்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். இன்ஜின் தணிந்த பிறகு செய்யச் சொல்லி, சைலன்சர் பக்கம் படக்கூடாது என்றும் சொன்னேன். அடித்ததும் ஐடில் சட்டென்று மாறியிருக்கிறது. கழற்றிப் பார்த்தால் அடிப்பக்கத்தில், கிளாம்ப் மறைத்த இடத்தில், நகத்தை நுழைத்தால் விரிகிற ஒரு வெடிப்பு. சூடேறினால் ரப்பர் தளர்ந்து வாய் திறந்திருக்கிறது. திராட்டிலைத் தாண்டி வராத காற்று அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது.

புது ரப்பர் மாட்டி, ரெசிஸ்டரை எடுத்து, ஒயரைச் சால்டர் வைத்துச் சேர்த்துவிட்டார். எடுத்த படத்தில் சால்டர் சற்றுக் கட்டி கட்டியாக இருக்கிறது. கனெக்டரைப் பிரித்து, இசியு பக்கத்துப் பின்னிலிருந்து சென்சார் பக்கத்துப் பின் வரை ஓம் எத்தனை என்று அளந்து இன்று இரவு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

2024 பிப்ரவரி 4, இரவு

0.4 ஓம். சரியாக இருக்கிறது.